பாறசாலையில் மழை, புனேயில் கணக்கு

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்கு நேர்கோட்டில் அளந்தால் பத்து கிலோமீட்டர்தான். நாகர்கோவில் ரயிலில் ஏறி உட்கார்ந்து ஊர்க்கதையைத் தொடங்குவதற்குள் இறங்க வேண்டியிருக்கும். அதைத் தாண்டினால் இஞ்சிவிளை, களியக்காவிளை, மாநிலமே மாறிவிடும். இந்தப் பத்து கிலோமீட்டருக்குள் மழை ஒரே மாதிரி பெய்யாது என்பது இங்கே ரப்பர் வெட்டும் எவருக்கும் தெரியும். துலா (ஐப்பசி) மாதத்துச் சாயங்காலத்தில் நெய்யாற்றின்கரையில் கொட்டித் தீர்க்கும். பாறசாலையில் ரோடுகூட நனைந்திருக்காது.

ஆனால் 2018 முதல் பல ஆண்டுகளுக்கு, நாட்டின் வானிலையைக் கணித்த கணினிக்கு இந்த இரண்டு ஊரும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடிய இடம். ஒரு கட்டத்துக்கு ஒரே வெப்பநிலை, ஒரே ஈரப்பதம், ஒரே மழை. அந்தக் கட்டத்தின் அகலம் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். இன்று அது ஆறு கிலோமீட்டராகச் சுருங்கியிருக்கிறது. அப்படிச் சுருங்கியதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, புனேயில் ஒரு சர்வர் பிராசசரின் இடத்துக்கு இன்னொன்று வந்தது. இந்த இரண்டு பிராசசர்களையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தபோது, நான் எதிர்பார்க்காத ஓர் எண் கிடைத்தது. அங்கே போகும் முன் மழைக்கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

பூவாறில் நெய்யாறு கடலில் சேரும் இடத்திலிருந்து, அது பிறக்கிற அகத்தியர்மலைப் பக்கம் திரும்பி நின்றால், சிகரம் நேர்கோட்டில் சுமார் நாற்பது கிலோமீட்டர். உயரமோ 1,868 மீட்டர். நாற்பது கிலோமீட்டருக்குள் நிலம் கடல்மட்டத்திலிருந்து அவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறது. பன்னிரண்டு கிலோமீட்டர் கட்டத்தில் இந்த ஏற்றத்துக்குக் கிடைப்பது மூன்று அல்லது நான்கு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே சராசரி உயரம்தான் என்பதால், கணினிக்குள் அகத்தியர்மலை செங்குத்தான மலையாக இருக்காது, மழுங்கிய மேடாகத்தான் இருக்கும். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மேலெழும்போதுதான் நீராவி குளிர்ந்து மழையாகிறது. மேடு மழுங்கினால் மழையும் இடம் மாறிப் பெய்யும். திருவனந்தபுரத்தின் தென்கோடிக்குத் தென்மேற்குப் பருவமழை வடகேரளத்தைவிடக் குறைவாகவே கிடைக்கிறது, வடகிழக்கு மழையிலும் ஒரு பங்கு உண்டு. இரண்டு மழைக்கும் விளிம்பில் இருக்கிற மண் இது. இங்கே பத்து கிலோமீட்டர் பிழை என்பது கணிப்பையே தலைகீழாக்கிவிடும்.

எல்லைக்கு இந்தப் புறம் விளவங்கோட்டிலும் அதே கவலைதான். 1956 நவம்பர் 1 அன்று நெய்யாற்றின்கரை கேரளத்தோடும் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடும் போயின. ஆற்றின் அணை அந்தப் பக்கம், இடதுகரைச் சானல் பாய வேண்டிய வயல்களில் ஒரு பகுதி இந்தப் பக்கம். 2004-இல் சானலில் தண்ணீர் நின்றுபோனது. அதிலிருந்து வானத்தைப் பார்ப்பது இங்கே இன்னும் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்குவது காகிதத்தில் எளிது. கணினிக்கு அது பெரும் செலவு. பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். பன்னிரண்டரை கிலோமீட்டர் கட்டமாகப் பிரித்தால் ஏறக்குறைய 33 லட்சம் கட்டங்கள். ஒவ்வொன்றின் மேலும் காற்றை 64 அடுக்குகளாகப் பிரிக்கிறார்கள், ஆகவே மொத்தம் இருபது கோடிப் பெட்டிகளுக்கு மேல். பாறசாலையில் நாளை மழையா என்று கேட்க எதற்கு உலகம் முழுவதையும் கணக்கிட வேண்டும் என்று தோன்றலாம். நாளைக்கு மட்டும் என்றால் சுற்றுவட்டாரம் போதும். ஐந்து நாள், பத்து நாள் என்று போகும்போது, அன்றைக்கு இங்கே வரப்போகிற காற்று இன்றைக்கு ஆப்பிரிக்கக் கரையோரம் இருக்கிறது. அதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். கட்டத்தின் அகலம் பாதியானால் கட்டங்கள் நான்கு மடங்கு. பெட்டி சிறிதானதும் காற்று ஒரு பெட்டியைக் கடக்கிற நேரமும் குறைவதால், பெரும்பாலும் காலத்தையும் பாதிப் பாதித் துண்டுகளாக நறுக்க வேண்டிவரும். மொத்தத்தில் எட்டு மடங்கு வேலை.

இந்த வேலையை முன்பு செய்துவந்தது ‘பிரத்யுஷ்’. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தில் 2018 ஜனவரி 8 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட கிரே எக்ஸ்சி40 கணினி. ஒக்கிப் புயல் பொழியூர், நீரோடி, வள்ளவிளைக் கரைகளைச் சூறையாடி ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. பிரத்யுஷின் உச்ச வேகம் 4.0 பெட்டாஃப்ளாப்ஸ், அதாவது விநாடிக்கு நான்காயிரம் லட்சம் கோடிக் கணக்குகள். அதன் தங்கையாக நொய்டாவில் ‘மிஹிர்’, 2.8 பெட்டாஃப்ளாப்ஸ். இரண்டிலும் உட்கார்ந்திருந்தது ஒரே பிராசசர்: இன்டெல் ஜியான் இ5-2695 வி4.

2024 செப்டம்பர் 26 அன்று அவற்றின் வாரிசுகளைப் பிரதமர் தொடங்கிவைத்தார். புனேயில் ‘அர்கா’, 11.77 பெட்டாஃப்ளாப்ஸ். நொய்டாவில் ‘அருணிகா’, 8.24. இவற்றைக் கட்டியது பிரெஞ்சு நிறுவனமான எவிடன். இவற்றின் பிராசசர் ஏ.எம்.டி. எபிக் 7643.

இரண்டையும் ஒப்பிடுவது நியாயமா என்று கணினிக்காரர்கள் கேட்பார்கள். ஒன்று 2016-இல் சந்தைக்கு வந்தது, மற்றது 2021-இல். நியாயமில்லைதான். ஆனால் இந்த மண்ணின் மழையைக் கணித்த வேலை ஒன்றின் கையிலிருந்து மற்றதன் கைக்கு மாறியது நடந்த விஷயம். ஆகவே அதையே ஒப்பிடுகிறேன்.

முதலில் எல்லாரும் பார்க்கிற எண்கள். ஜியானில் 18 கோர்கள் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்), அடிப்படை வேகம் 2.1 ஜிகாஹெர்ட்ஸ். எபிக்கில் 48 கோர்கள், 2.3 ஜிகாஹெர்ட்ஸ். ஒரு கோர் ஒரு துடிப்பில் செய்யும் தசமக்கணக்கு இரண்டிலும் அதிகபட்சம் பதினாறுதான். ஐந்து ஆண்டுகளில் அந்த எண் அசையவே இல்லை. ஆகவே ஒரு ஜியானின் உச்ச வேகம் சுமார் 605 ஜிகாஃப்ளாப்ஸ், எபிக்கின் வேகம் 1,766. ஏறக்குறைய மூன்று மடங்கு. பிரத்யுஷில் இருந்த 1,19,232 கோர்களை இந்தக் கணக்கில் பெருக்கிப் பாருங்கள், அதே 4.0 பெட்டாஃப்ளாப்ஸ் அப்படியே வந்து நிற்கும்.

விளம்பரத்தாளில் கதை இங்கே முடிந்துவிடும். மழைக்கணக்கில் இங்கேதான் தொடங்குகிறது.

வானிலைக் கணக்கு விசித்திரமானது. ஒரு பெட்டியின் வெப்பநிலையை மாற்ற வேண்டுமானால், அந்தப் பெட்டியின் காற்று, ஈரம், அழுத்தம், அக்கம்பக்கத்துப் பெட்டிகளின் நிலை எல்லாவற்றையும் மெமரியிலிருந்து எடுத்துவர வேண்டும். எடுத்து வந்ததும் செய்கிற கூட்டல் பெருக்கல் கொஞ்சம்தான். உடனே திருப்பி எழுதிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போக வேண்டும். கணக்கிடும் நேரத்தைவிட எடுத்துவரும் நேரமே அதிகம். அதனால்தான் இத்தகைய நிரல்கள் உச்ச வேகத்தில் நூற்றுக்குச் சில பங்கை மட்டுமே எட்டுகின்றன. பிரத்யுஷ், சூப்பர் கணினிகளைத் தரவரிசைப்படுத்தும் லின்பேக் சோதனையில் தன் உச்ச வேகத்தில் 94 சதவீதத்தைத் தொட்டது உண்மை. அந்தச் சோதனையில் ஒருமுறை எடுத்த எண்ணைப் பலமுறை பயன்படுத்தலாம். மழை அந்த வசதியைக் கொடுப்பதில்லை.

ஆகவே மழைக்குக் கணினி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மெமரியின் வேகம். ஜியானுக்கு நான்கு மெமரி சேனல்கள், எல்லாம் சேர்ந்து விநாடிக்கு 76.8 ஜிகாபைட். எபிக்குக்கு எட்டுச் சேனல்கள், சேனல் ஒவ்வொன்றும் முன்னதைவிட வேகமானது, மொத்தம் 204.8 ஜிகாபைட். இங்கேயும் எபிக்குக்கு அமோக வெற்றி என்று தோன்றும்.

இப்போது கோர்களால் வகுத்துப் பாருங்கள். 76.8-ஐ 18-ஆல் வகுத்தால் 4.27. 204.8-ஐ 48-ஆல் வகுத்தால் 4.27. தசமத்துக்குப் பின்னால் எத்தனை இலக்கம் போட்டாலும் ஒன்றுதான், இரண்டும் 64-ஐ 15-ஆல் வகுத்த எண். வெவ்வேறு நிறுவனம், வெவ்வேறு தலைமுறை, வெவ்வேறு தொழிற்சாலை. ஒரு கோருக்குக் கிடைக்கும் மெமரி வேகம் மட்டும் இம்மியும் மாறவில்லை.

கல்யாணப் பந்தியில் பதினெட்டு இலைக்கு நாலு பேர் பரிமாறினார்கள். இப்போது நாற்பத்தெட்டு இலை, சுறுசுறுப்பான எட்டுப் பேர். கூட்டம் பெரிது, சமையல் பெரிது. ஆனால் ஓர் இலையில் உட்கார்ந்தவருக்குச் சாம்பார் வந்துசேர ஆகும் நேரம் அன்றைக்கும் இன்றைக்கும் அதே நேரம்தான்.

அப்படியானால் லாபம் எங்கே? ஒரு பங்கு, கேஷ் எனப்படும் உள்மெமரியில். அடிக்கடி தேவைப்படுகிற எண்களை வெளியே போகாமல் பிராசசருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் இடம் அது. ஜியானில் கடைசி அடுக்குக் கேஷ் 45 மெகாபைட், கோருக்கு இரண்டரை. எபிக்கில் 256 மெகாபைட், கோருக்கு 5.3, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். கணக்கின் எவ்வளவு பகுதி கேஷில் தங்குகிறதோ அவ்வளவுக்கு மெமரிப் பயணம் மிச்சம். உலகத்தை ஆயிரக்கணக்கான பிராசசர்களுக்குப் பங்குபோட்ட பிறகு ஒவ்வொன்றுக்கும் விழுகிற துண்டு அப்படியொன்றும் பெரிதில்லை. அதில் கணிசமான பாகம் உள்ளேயே தங்க வாய்ப்பிருக்கிறது. மழைக்கணக்குக்கு எபிக் தருகிற உண்மையான பரிசு, என் கணிப்பில், நாற்பத்தெட்டு கோர்களைவிட இந்த 256 மெகாபைட்தான்.

இவ்வளவு கேஷை எப்படி வைக்க முடிந்தது என்பது இன்னொரு கதை. ஜியானின் சிலிக்கான் ஒரே பாளம். அந்தப் பாளத்தில் உண்மையில் 24 கோர்கள் உண்டு, ஆறை அணைத்துவிட்டு 18 கோர் என்று விற்றார்கள். சிலிக்கான் வில்லையில் அங்கங்கே பழுது இருக்கும். பாளம் பெரிதாக இருந்தால் அதன் மேல் ஒரு பழுதாவது விழுகிற வாய்ப்பும் பெரிது. விழுந்த கோரை அணைத்து மிச்சத்தை விற்பது இந்தத் தொழிலின் பழைய சிக்கனம். ஏ.எம்.டி. வேறு வழி பிடித்தது. எட்டு கோர் கொண்ட சின்னச் சில்லுகளாக அச்சடித்து, எட்டுச் சில்லுகளை ஒரே தட்டில் அடுக்கி, நடுவே மெமரிக்கும் வெளித்தொடர்புக்கும் தனியாக ஒரு சில்லை வைத்தது. சின்னச் சில்லு பழுதானால் நட்டமும் சின்னது. ஒவ்வொன்றிலும் 32 மெகாபைட் கேஷ், எட்டும் சேர்ந்து 256. எபிக் 7643-இலும் 64 கோருக்கு இடமிருக்கிறது. சில்லுக்கு இரண்டாக அணைத்து 48 ஆக்கியிருக்கிறார்கள். இதில் இன்னொரு பொருத்தமும் அகப்படுகிறது: 24-இல் 18-ம் முக்கால், 64-இல் 48-ம் முக்கால். இரண்டிலும் கால் பங்கைத் தூங்கவைத்து முக்காலைத்தான் வேலைக்கு விட்டிருக்கிறார்கள்.

அதே வரிசையில் 64 கோர்களும் விழித்திருக்கும் எபிக் 7713 என்று ஒன்று உண்டு. பெரிய எண்ணை விரும்புகிறவர் அதைத்தான் கேட்பார். ஆனால் மெமரி சேனல்கள் அதே எட்டு என்பதால் கோருக்குக் கிடைப்பது 3.2 ஜிகாபைட்டாக இறங்கிவிடும். கேஷும் அதே 256, கோருக்கு நான்காகக் குறையும். வெளியீட்டு விலை 7,060 டாலர், 7643-க்கு 4,995. மழைக்கணக்குக்கு 48-ஐ எடுத்தது நல்ல முடிவு என்றே எனக்குப் படுகிறது.

அதே 2021-இல் இன்டெல் கொண்டுவந்த ஜியான் பிளாட்டினம் 8380-ஐ எடுத்திருந்தால்? 40 கோர்கள், ஒரு துடிப்புக்கு 32 கணக்கு, உச்ச வேகம் சுமார் 2,940 ஜிகாஃப்ளாப்ஸ். காகிதத்தில் எபிக் 7643 அதற்கு ஈடாகாது. மெமரி வேகம் மொத்தத்தில் அதே 204.8, கோருக்கு 5.12, கொஞ்சம் மேல். கடைசி அடுக்குக் கேஷ் 60 மெகாபைட், கால்வாசிதான். மின்சாரம் 270 வாட், எபிக்குக்கு 225. விலை 8,099 டாலர். உச்ச வேகத்தை வைத்து மதிப்பெண் போட்டால் இன்டெல் ஜெயிக்கும், மழையை வைத்துப் போட்டால் அந்த உச்ச வேகத்தைத் தொடுகிற வாய்ப்பே கணக்குக்குக் கிடைக்காது.

பணத்துக்கு வருவோம். பழைய ஜியானின் பட்டியல் விலை 2,424 டாலர், கோருக்கு 135. எபிக்கில் கோருக்கு 104. மின்சாரம் ஜியானில் கோருக்கு 6.7 வாட், எபிக்கில் 4.7. பட்டியல் விலையை நம்பி யாரும் ஆயிரக்கணக்கில் வாங்குவதில்லை. ஆகவே கணினிகளின் மொத்த விலையையும் பார்க்கலாம். பிரத்யுஷ், மிஹிர் இரண்டுக்கும் சேர்த்து சுமார் 440 கோடி ரூபாய், கிடைத்தது 6.8 பெட்டாஃப்ளாப்ஸ். அர்கா, அருணிகா, அவற்றுடன் செயற்கை நுண்ணறிவுக்கான சிறு கணினி ஒன்று, எல்லாம் சேர்த்து 850 கோடி, மொத்தம் ஏறத்தாழ 22 பெட்டாஃப்ளாப்ஸ். ஒரு பெட்டாஃப்ளாப்ஸ் 65 கோடியிலிருந்து 39 கோடிக்கு இறங்கியிருக்கிறது. இடையில் டாலர் ஏறியதையும் விலைவாசி ஏறியதையும் சேர்த்துப் பார்த்தால் இறக்கம் இன்னும் ஆழம்.

ரப்பர் வெட்டுகிறவருக்கு இதெல்லாம் மணிக்கணக்கில்தான் தெரியும். கணிப்புக்கான கணக்கு பிரத்யுஷில் பத்து மணி நேரம் வரை ஓடியது, அர்காவில் நான்கு மணி நேரம். காலை ஐந்தரை மணி நிலவரத்தை வைத்து ஓட்டம் தொடங்குகிறது என்று வையுங்கள். பலூன், செயற்கைக்கோள், கப்பல் என்று தகவல்கள் வந்துசேரவே சில மணி நேரம் போகும். அதன் மேல் பத்து மணி நேரம் என்றால் ராத்திரியாகிவிடும். நான்கு என்றால் பிற்பகலில் கையில் இருக்கும். பால்வெட்டு விடியுமுன்னே நடக்கிற வேலை. வெட்டிய பின் மழை பிடித்தால் சிரட்டையில் விழுந்த பால் தண்ணீரோடு வழிந்து போகும். மரத்துக்கு ரெயின் கார்டு என்கிற மழைத்தடுப்பைக் கட்டாதவர், நாளைக்கு வெட்டலாமா கூடாதா என்று முந்தைய நாள் சாயங்காலமே முடிவெடுத்தாக வேண்டும்.

இந்த நேரத்தைப் பிராசசர் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆயிரக்கணக்கான பிராசசர்கள் ஒவ்வொரு காலத்துண்டிலும் ஒன்றோடொன்று எண்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். அந்த வலைப்பின்னலில் ஒருவர் தாமதித்தால் எல்லாரும் காத்திருப்பார்கள்.

2025 மே 26 அன்று, அர்காவின் பலத்தில், ‘பாரத் முன்னறிவிப்பு அமைப்பு’ தொடங்கப்பட்டது. புனே நிறுவனத்தின் விஞ்ஞானிகள் உருவாக்கிய இந்த மாதிரியில்தான் கட்டம் ஆறு கிலோமீட்டர். நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் இனி வெவ்வேறு கட்டங்கள். பூவாறிலிருந்து அகத்தியர்மலை வரை ஆறேழு படிகள் கிடைக்கின்றன. பஞ்சாயத்து அளவுக்கு மழையைச் சொல்ல முடியும் என்கிறது அரசு.

சொல்லட்டும். ஆனால் துலா மாதத்து இடிமேகம் சில கிலோமீட்டர் அகலம்தான். ஆறு கிலோமீட்டர் கட்டத்துக்குள் அது முழு உருவத்தோடு வந்து நிற்காது. கட்டத்துக்குள் எங்கோ மேகம் எழும்பியிருக்கலாம் என்று ஒரு தோராயச் சூத்திரத்தால்தான் கணினி ஊகிக்கிறது. இடவப்பாதியின் அகலமான மழைக்கும் வங்கக்கடலில் எழும் தாழ்வு மண்டலத்துக்கும் இந்தக் கட்டம் பேருதவி. மூன்று மணிக்குத் திடீரென்று இடிக்கிற மழைக்கு இது பாதி வழிதான். எந்தத் தெருவில் பெய்யும் என்று எதிர்பார்க்கிறவர் ஏமாறுவார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாறசாலையும் களியக்காவிளையும் ஆறு கிலோமீட்டருக்குள் அடங்குகிற ஊர்கள். கணினியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே மழையாக இருக்கலாம். ஆனால் எச்சரிக்கை மாவட்ட வாரியாகத்தான் வருகிறது. பாறசாலைக்குத் திருவனந்தபுரத்து அலுவலகம், களியக்காவிளைக்குச் சென்னை அலுவலகம். செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் மஞ்சள், இந்தப் பக்கம் பச்சை என்று இருந்தால் யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

கட்டத்தை மூன்று கிலோமீட்டர் ஆக்கினால் என்ன? எட்டு மடங்கு வேலை. அர்காவின் நான்கு மணி நேரம் முப்பத்திரண்டு ஆகும், நாளைய மழையை நாளைச் சாயங்காலம்தான் கணித்துத் தருவார்கள். வரப்போகிற பிராசசர்கள் மெமரியை நோக்கியே நகர்கின்றன என்பது நல்ல செய்தி. ஏ.எம்.டி. 2022-இல் கேஷை மாடிமேல் மாடியாக அடுக்கி 768 மெகாபைட் ஆக்கியது. இன்டெல் 2023-இல் அதிவேக மெமரியைப் பிராசசரின் தட்டிலேயே ஒட்டிக் கொடுத்தது. இந்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் வடிவமைத்துவரும் 96 கோர் ‘ஓம்’ பிராசசரிலும் அதே உத்திதான்.

நெய்யாற்றின்கரையிலிருந்து இருபது கிலோமீட்டரில், திருவனந்தபுரத்து சி-டாக்கிலும் ‘வேகா’ என்ற பெயரில் பிராசசர்கள் வடிவமைக்கப்படுகின்றன. அவை மழையைக் கணிக்கிற ரகமல்ல. அந்த வரிசையின் தேஜஸ்32 சில்லின் வேகம் 100 மெகாஹெர்ட்ஸ், எபிக்கின் முன் அது நிற்கவே முடியாது. ஆனால் ஆறு கிலோமீட்டர் கட்டத்தை எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும், காலை ஐந்தரை மணிக்கு அந்தக் கட்டத்தில் உண்மையில் என்ன இருந்தது என்று யாராவது அளந்து சொல்ல வேண்டும். பஞ்சாயத்துக்கு ஒரு தானியங்கி மழைமானி என்பது 2023-இல் மத்திய வேளாண் அமைச்சகம் தொடங்கிய ‘விண்ட்ஸ்’ திட்டத்தின் இலக்கு. கம்பத்தில் நின்று மழையை அளந்து கால்மணிக்கு ஒருமுறை எண்ணை அனுப்ப 48 கோர் வேண்டாம், 100 மெகாஹெர்ட்ஸ் தாராளம்.